ஐந்தாம் எண் வீட்டுக்கான ஹெட்போன் துணைக்குழு

அடுக்ககங்களின் வரலாற்றை யாராவது எழுதினால் அதில் உரிமையாளர்கள் இருப்பார்கள், தரகர்கள் இருப்பார்கள், கூரை ஒழுகலை அடைத்தவர்கூட ஒரு பத்தியில் வந்து போவார். வாடகைக்கு இருப்பவள் மட்டும் வரமாட்டாள். ஆஸ்திரேலியாவின் நியூகாசல் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் எட்டு வீட்டுச் செங்கல் கட்டடத்தில், உரிமையாளர் கூட்டங்களில் அவளுக்கு நாற்காலி உண்டு, பேச்சு கிடையாது. அவள் பேசலாமா என்று உரிமையாளர்கள் முதலில் வாக்களிக்க வேண்டும்.

ஐந்தாம் எண் வீட்டில் ப்ரொன்வின் டேலி இரண்டரை ஆண்டுகளாக வாடகைக்கு இருந்தாள். செவித்திறன் பரிசோதனை மையம் ஒன்றில் அவளுக்கு வேலை. அவளுக்கு நேர் கீழே வசிப்பவர் டெஸ்மண்ட் ப்ரூயிட். குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் கோப்பு நகர்த்தி ஓய்வுபெற்றவர், எங்கள் சங்கத் தலைவர். மேல்தளத்திலிருந்து செலோ வாத்திய இசையும் துப்பாக்கிச் சத்தமும் இறங்குவதாகத் தலைவருக்கு அவர் புகார் எழுதினார். தலைவர் என்ற முறையில் அதைப் பெற்றுக்கொண்டு, உரிய பரிசீலனைக்குப் பின் தமக்கே ஒப்புகையும் அனுப்பினார்.

கூட்டத்தில் ப்ரொன்வினுக்குப் பேச அனுமதி வழங்கப்பட்டது.

"சத்தம் வந்திருந்தா மன்னிச்சுக்குங்க. நாளைக்கே நல்ல ஹெட்போன் ஒண்ணு வாங்கிடறேன்."

"நீங்களே வாங்கிடுவீங்களாக்கும்?" என்றார் டெஸ்மண்ட். "எதை வாங்கறதுன்னு யாரும்மா முடிவு பண்றது?"

"என் காதுதானே?"

"காது உங்களோடது. உங்க தரைக்குக் கீழ இருக்கற கூரை என்னோடது."

இந்த வாதத்தின் வலிமையை எல்லாரும் உணர்ந்தோம். துணைக்குழு அமைந்தது. ஒன்பது வாரத்துக்குள் ஏற்கத்தக்க ஹெட்போன் அமையாவிட்டால், அவளது வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாமென்று வீட்டு உரிமையாளருக்குப் பரிந்துரைக்கப்படும். ஹோபர்ட்டில் இருக்கும் அந்த மனிதர் பரிந்துரை எதையும் படித்ததில்லை, கையெழுத்திடுவார்.

"என்னதான் வேணும் உனக்கு, கண்ணு?" என்று கேட்டார் செயலாளர் க்ளெனிஸ் ஹேக்கட், படிவத்தைத் திறந்துகொண்டு.

"காதை முழுசா மூடற மாதிரி. பாட்டும் கேக்கணும், விளையாடவும் செய்யணும். மைக் கண்டிப்பா வேணும். என் தம்பி ரோரி நாட்டோட மேற்குக் கோடியில, பில்பாரா சுரங்கத்துல வேலை பாக்கறான். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடுவோம். ஃபோன்ல அவன் பேசவே மாட்டான். விளையாட்டுல யாரையாவது துரத்திக்கிட்டிருந்தாத்தான் வாய் தொறப்பான். அம்மா போனதைப் பத்திகூட அப்பத்தான் பேசினான்."

"பாவம். ஆனா இதுல 'விளையாட்டு', 'இசை'ன்னு ரெண்டு கட்டம் இருக்கு. ஒண்ணுலதான் டிக் போடலாம்."

"ரெண்டுக்கும் ஒரே ஹெட்போன்."

"அப்ப எந்தக் கட்டம்?"

"விளையாட்டுக்குள்ளயே பாட்டு வருதே, அதுக்கு எந்தக் கட்டம்?"

இக்கேள்வியின் பொருட்டு இரண்டு வாரம் ஒத்திவைக்கப்பட்டது. எதிரி கண்ணில் படும்வரை அது இசை என்றும், பட்ட கணத்திலிருந்து விளையாட்டு என்றும் பின்னர் தெளிவுபடுத்தப்பட்டது.

அடுத்து, வகை. காதுக் கிண்ணத்தின் முதுகு திறந்த ஹெட்போனில் இசை அகலமாக ஒலிக்கும். ஆனால் வெளியே கசியும். முதுகு மூடியதில் கசியாது. ஆனால் தீ எச்சரிக்கை மணி கேட்காது. ஆகவே உள்ளிருந்து எதையும் வெளியே விடாததும், வெளியிலிருந்து மணியை மட்டும் உள்ளே விடுவதுமான ஹெட்போனே ஏற்கத்தக்கது என்று தீர்மானித்தோம்.

"அப்படி ஒண்ணை யாருமே செய்யலயே," என்றாள் ப்ரொன்வின்.

"செய்யாதது இந்தக் குழுவோட குறையில்லம்மா," என்றார் டெஸ்மண்ட்.

அவள் தன் பொறுப்பில் எழுதிக் கொடுத்து, கடையிலிருந்து ஏழு மாதிரிகள் கொண்டுவந்தாள். உறுப்பினர்கள் ஆளுக்கொன்றைக் களமதிப்பீட்டுக்காக வீட்டுக்கு எடுத்துச் சென்றோம். களமதிப்பீடு விரிவாக நடந்தது. மூன்றாம் வாரத்தில் க்ளெனிஸ் ஹெட்போனோடு குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிவந்தார். நான்காம் வாரத்தில், கழுத்தில் ஹெட்போன் இல்லாமல் கொல்லைப்புறத்தில் இறைச்சி சாசேஜ் பொரிக்கும் விருந்துக்கு வருவது, காலணி இல்லாமல் வருவதைவிட மோசமாகக் கருதப்பட்டது; காலணியில்லாமல் பலரும் வந்தார்கள். ஆறாம் வாரத்தில் டெஸ்மண்ட் தாமே ஒரு விளையாட்டில் சேர்ந்து, முகமறியாத யாரோ ஒரு பையனை நோக்கி, "இடது பக்கம் பாருடா முட்டாளே!" என்று கூவியது மூன்று தளங்களுக்குக் கேட்டது. அது மதிப்பீட்டின் பகுதி என்பதால் ஒலியாகக் கொள்ளப்படவில்லை.

மாதிரிகளைத் திருப்பித் தரும்படி ப்ரொன்வின் கேட்டபோது, மதிப்பீடு நிலுவையில் உள்ளதென்று எழுத்துமூலம் தெரிவிக்கப்பட்டது.

ஒன்பதாம் வாரம், இறுதிக் கூட்டம். எஞ்சியிருந்தது மைக். ஹெட்போன் அவள் கேட்பதைத்தான் அடக்கும்; அவள் பேசுவதை எது அடக்கும்? இதற்கு விளக்கமளிக்க அவளுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கப்பட்டது. குழுவின் ஈடுபாட்டைக் காட்டும் பொருட்டு உறுப்பினர்கள் அனைவரும் ஹெட்போன் அணிந்தே அமர்ந்திருந்தோம்.

அவள் எழுந்தாள், பேசினாள். என்ன பேசினாள் என்று என்னால் சொல்ல இயலாது. என் காதில் ஒரு வயலின் மிக அகலமாக ஒலித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை அவள் நிறுத்தி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நாங்கள் பரிவோடு தலையசைத்தோம். பிறகு க்ளெனிஸ் எதையோ வாசிக்க, அவர் உதடுகள் அசைந்தன. டெஸ்மண்ட் கையை உயர்த்தினார். விளையாட்டில் வென்றதற்காக உயர்த்தினார் என்று பின்னால் தெரிந்தது. அவர் உயர்த்தியதைப் பார்த்து மற்றவர்கள் உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன்.

கூட்டக் குறிப்பு மறுநாள் வந்தது. மைக் நிராகரிக்கப்பட்டிருந்தது. வாடகைதாரர் தரப்பில் மறுப்பு எதுவும் கேட்கவில்லை என்று அதில் இருந்தது. அதில் பொய் இல்லை. பேச்சுக்குரல் உட்பட எந்த ஒலியும் இனி எந்த வீட்டிலிருந்தும், கொல்லைப்புறத்திலிருந்தும் எழலாகாது என்றும், உரிமையாளர்களுக்கும் இது பொருந்தும் என்றும் ஒருமனதாக நிறைவேறியிருந்தது. சாசேஜ் பொரியும் சத்தம் விலக்குப் பட்டியலில் இல்லாததால் விருந்து நின்றது. விதியைத் திருத்த வேண்டுமானால் விவாதிக்க வேண்டும். விவாதம் ஒலி எழுப்பும். எட்டு வீடுகளிலும் இப்போது கிசுகிசுத்துத்தான் சண்டை போடுகிறோம்.

ப்ரொன்வினின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அடுத்த ஊரான மெய்ட்லண்டில் ஒரு வீட்டின் பின்புற அறைக்கு அவள் குடிபெயர்ந்தாள். அங்கே இணையம் விளையாட்டுக்குப் போதவில்லை. அவளும் ரோரியும் கடைசியாகப் பேசி ஏழு மாதம் ஆகிறது.