பச்சை நூல் போட்ட அரக்குப் பட்டு

எனக்குச் சந்தேகம் இருந்தது. இதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் எழும்போதெல்லாம் என் நாத்தனார் குறுக்கே புகுந்து, "அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது, பாவம், ஏமாந்துட்டாங்க" என்று எனக்கு நற்சாட்சி சொல்லுவாள். நானும் பல வருஷம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், ஏமாந்தவள் என்ற பெயரைவிடத் தெரிந்தே செய்தவள் என்ற பெயர் கொஞ்சம் கௌரவமாகப் படுகிறது. (ஏமாந்தவள் என்றால் அறிவில்லாதவள் என்று அர்த்தம். அந்தப் பழியை மட்டும் என்னால் தாங்க முடியாது.)

அப்போது எனக்கு இருபது வயது. கல்யாணமாகி ஜொகூர் பாருவுக்கு வந்து எட்டு மாதம். சிங்கப்பூருக்குப் போகும் கடற்பாலம் போட்டுச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதன் வழியாக எல்லாமும் வந்தன: காய்கறி, பத்திரிகை, தலைவலித் தைலம், வீடு வீடாகத் துணி விற்கிறவர்கள். என் கணவர் கோர்ட்டில் துபாஷி. தமிழில் சொல்வதை மலாயிலும் இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்கிற உத்தியோகம். பகலெல்லாம் மற்றவர்கள் பேச்சைப் பேசிவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் சொந்தமாகப் பேச அவரிடம் அதிகம் மிச்சம் இருக்காது. சாப்பிடும்போது மட்டும் அன்றைய வழக்கைச் சொல்லுவார். நான் சட்டம் படித்தது அப்படித்தான், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில்.

"திருடினவன் மட்டும் குத்தவாளி இல்ல. திருட்டுச் சாமான்னு தெரிஞ்சு வாங்கினவனும் குத்தவாளிதான். தெரியாதுன்னு சொன்னா, இவ்வளவு மலிவா குடுத்தானே, உனக்குச் சந்தேகம் வரலையான்னு கேப்பாங்க" என்று அவர் ஒருநாள் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை பாடம்.

அந்தச் சமயத்தில்தான் தம்போய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. அந்தத் தோட்டத்து ஆபீசின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர், என் கணவருக்குப் பழக்கம். அவர் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தோட்டத்துக்கு ஞாயிறு விடுமுறை, ஜொகூரில் சர்க்கார் ஆபீசுக்கு வெள்ளிதான் விடுமுறை. ஆகவே நான் மட்டும் போவது என்று முடிவாயிற்று. கிராணியாரின் மனைவியை நான் அதுவரை பார்த்ததில்லை. துபாஷியின் மனைவி எப்படி இருப்பாள் என்று தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் பார்க்கப்போகிறார்கள். என் ஒரே பட்டான கல்யாணப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். எலி எனக்கு முன்னால் எடுத்திருந்தது.

இரண்டு நாள் கழித்துத் துணிக்காரன் ஒருவன் வந்தான். புது ஆள். மூட்டையில் இருந்ததெல்லாம் சீட்டித் துணி. மூட்டையின் அடியில், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, தனியாக ஒன்று.

"இத எல்லாருக்கும் காட்டறதில்லம்மா" என்று பிரித்தான்.

அரக்குச் சிவப்பு உடல். மாம்பழ மஞ்சளில் கரை. முந்தானை நிறையச் சரிகை. தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டேன்:

"புதுசா?"

"ரெண்டு மூணு தடவ கட்டினதும்மா. சிங்கப்பூர்ல ஒரு அம்மா ஊருக்குக் கப்பல் ஏறுறாங்க. எல்லாத்தையும் தள்ளிவிட்டுட்டுப் போறாங்க."

விலையைச் சொன்னான். நல்ல நூல் புடவைக்குச் சொல்கிற விலை.

இங்கேதான் என் சந்தேகம் எழுந்து உட்கார்ந்தது. ஊருக்குப் போகிற எந்தத் தமிழச்சி பட்டுப் புடவையை இங்கே விற்றுவிட்டுப் போவாள்? நாகப்பட்டினத்தில் இறங்கும்போது கட்டிக்கொண்டு இறங்கத்தானே இத்தனை வருஷம் இங்கே பாடுபடுவது? புடவையை விரித்தேன். சந்தனமும் அந்துருண்டையும் கலந்த வாசனை அடித்தது. முந்தானையின் உள்பக்கம் ஒரு விரல் நீளக் கிழிசலைப் பச்சை நூலால் ஒட்டித் தைத்திருந்தது. பொறுமையான கை. விற்கப்போகிற புடவையை யாரும் அத்தனை பொறுமையாகத் தைக்கமாட்டார்கள்.

ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். "அந்த அம்மா எந்தத் தெருவுல இருக்காங்க?" அவன் திணறியிருப்பான். அவன் திணறினால் நான் வாங்க முடியாது. அதனால்தான் கேட்கவில்லை.

மனத்துக்குள் ஒரு கோர்ட்டைக் கூட்டினேன். நானே வக்கீல், நானே நீதிபதி. நான் வாங்காவிட்டால் அடுத்த வீட்டில் வாங்கப்போகிறார்கள். திருட்டு நடந்திருந்தால் அது நடந்து முடிந்துவிட்டது, நான் வாங்குவதால் புதிதாக ஒன்றும் திருடு போகப்போவதில்லை. அதோடு, வெறும் ஊகத்தை வைத்து ஒரு ஏழை வியாபாரியைத் திருடன் என்று நினைப்பது பாவம் இல்லையா? இந்தக் கடைசி வாதத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. வழக்குத் தள்ளுபடி. புடவை உள்ளே வந்தது.

மாலையில் கணவரிடம், "அண்ணன் பினாங்குலேர்ந்து ஆள் மூலமா குடுத்தனுப்பிச்சாரு" என்றேன். அவர் புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பத்திரிகையைப் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் பஸ்ஸில் தம்போய்க்குப் போய் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து கிராணியார் வீட்டை அடைந்தேன். வாசலில் குங்குமச் சிமிழோடு நின்றிருந்தவர்தான் கிராணியாரின் மனைவி ராஜம்மாள். முப்பத்தைந்து வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் சிமிழை நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் கட்டியிருந்தது வெளுத்துப்போன ஒரு வாயில் புடவை. மகளின் காதுகுத்துக்கு இப்படி ஒரு புடவையா, பெரிய கிராணி வீட்டில் இவ்வளவு கஞ்சத்தனமா என்று எனக்கு வருத்தமாக இருந்தது. (அவருக்காக வருத்தப்பட்டேன். அப்படிப்பட்ட நல்ல மனசு எனக்கு.)

"வாங்க தங்கச்சி. நடுவுல வந்து உக்காருங்க" என்று பாயைக் காட்டினார்.

உள்ளே ஏழெட்டுப் பெண்கள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. எல்லார் கண்ணும் என் தோளில் ஆரம்பித்துக் கால்வரை இறங்கி, மறுபடி தோளுக்கு ஏறியது. பட்டு என்றால் இதுவல்லவா பட்டு என்று நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் தெரியும்படி முந்தானையை நன்றாக விரித்து மடியில் போட்டுக்கொண்டேன்.

ராஜம்மாள் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். "பட்டு ரொம்ப நல்லாருக்கு. எங்க எடுத்தது?"

பினாங்கு போதாது என்று தோன்றியது. "எங்கண்ணன் கும்பகோணத்துல சொல்லி நெய்ய வச்சாருக்கா. எனக்குன்னே."

"உங்களுக்குன்னே நெய்ததா?"

"ஆமாக்கா. இந்தக் கரை வேற யாருகிட்டயும் இருக்காது."

மூலையில் ஒருத்திக்குப் புரையேறியது. தண்ணீர் கொடுத்தார்கள்.

"எங்க வீட்டுல போன மாசம் திருடன் பூந்துட்டான் தங்கச்சி" என்றார் ராஜம்மாள். "கோயிலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஒரு பெட்டித் துணியும் போயிருச்சு. உங்க வீட்டுக்காரரு கோர்ட்டுல இருக்காரே, இதுக்கெல்லாம் சட்டம் என்ன சொல்லுது?"

என்னிடம் இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"திருடன விடுங்கக்கா. வாங்கினவங்களத்தான் மொதல்ல புடிக்கணும். வாங்க ஆளிருக்குன்னுதானே அவன் திருடறான்?"

"தெரியாம வாங்கியிருந்தா, பாவம்?"

"தெரியாம எப்படிக்கா வாங்க முடியும்? வெலைய கேட்டாலே தெரியுமே. பட்டுப் புடவைய நூல் புடவை வெலைக்குக் குடுத்தா சந்தேகம் வராதா? எந்தத் தெரு, எந்த வீடுன்னு கேக்கணும். கேக்காம வாங்கறாளே, அவ திருடன விட மோசம். திருடனுக்காவது பசி இருக்கும். இவளுக்கு என்ன?"

கால் மணி நேரம் பேசினேன். ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் கற்றது அத்தனையும் வந்தது. ஒருவரும் குறுக்கே பேசவில்லை. இருந்த அமைதியைப் பார்த்து, கோர்ட்டில் பேச வேண்டியவள் நான்தான், என் கணவர் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் ராஜம்மாள் மெதுவாகச் சொன்னார்:

"நல்லாச் சொன்னீங்க. உங்கண்ணன் நெய்ய வச்ச பட்டுல, முந்தானை உள்பக்கம் பச்சை நூல் ஓடியிருக்கும் பாருங்க. போன தீபாவளிக்கு ஆணி மாட்டிக் கிழிஞ்சுது. செவப்பு நூல் தீந்துபோச்சு. கடைக்குப் போகச் சோம்பப்பட்டு நாந்தான் பச்சையில போட்டேன்."

அந்தப் பெண்கள் எல்லாரும் அந்தப் புடவையைப் பல தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர் உடம்பில் பார்த்தவர்கள். நான் வாசலில் கால் வைத்தபோதே அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான், அதுவும் நடுவில்.

என் அண்ணனுக்கும் பச்சை நூல் பழக்கம் உண்டு என்று சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் ராஜம்மாளின் வெளுத்த புடவை கண்ணில் பட்டது. கஞ்சத்தனம் என்று நான் நினைத்தது அது. நல்லதையெல்லாம் திருடன் கொண்டுபோயிருக்கிறான். மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு மகளின் விசேஷத்தில் நிற்கிறார்.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சுக்கா" என்றேன். "கேக்கல." அன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரி, கட்டிட்டே போங்க. சாப்பிட்டுட்டுப் போயி நாளைக்கு யாரு கையிலயாவது குடுத்தனுப்புங்க" என்றார்.

அது முடியாது என்று எழுந்து நின்றுவிட்டேன். அவமானத்திலும் எனக்கு ஒரு வீம்பு உண்டு. "இன்னும் ஒரு நிமிஷம் இது என் உடம்புல இருக்கக் கூடாதுக்கா."

"மாத்திக்க என்கிட்ட ஒண்ணும் இல்லையே. ஒண்ணு உடம்புல இருக்கு, இன்னொண்ணு கொடியில நனைஞ்சு கெடக்கு."

கடைசியில் பக்கத்து வீட்டில் இருந்த மலாய்க்கார டிரைவரின் மனைவி மினா வந்து என்னை உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். அவளுடைய சாரோங் கைலியையும், முழங்கால்வரை தொங்கும் பாஜு கூரோங் சட்டையையும் எனக்கு மாட்டி, தலைக்கு ஒரு சால்வையும் போட்டுவிட்டாள். மினா என்னைவிட இரண்டு மடங்கு பருமன். சட்டைக்குள் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

காதுகுத்து பத்து நிமிஷம் தள்ளிப்போயிற்று. ராஜம்மாள் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து மகளை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி காதைத் தொட்டதும் குழந்தை வீறிட்டு, பட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அந்த முந்தானையை அதற்குப் பழக்கம் போலிருந்தது. அதோடு இன்னொன்றையும் கவனித்தேன்: புடவை என்னைவிட அவருக்குத்தான் பொருத்தமாக இருந்தது. (இத்தனை வருஷம் கழித்தும் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது.)

பஸ்ஸில் திரும்பும்போது கணவருக்குச் சொல்ல ஒரு கதை தயார் செய்தேன். பாயசம் கொட்டிவிட்டது, புடவையைத் துவைக்கப் போட்டிருக்கிறார்கள், பிறகு அனுப்புவார்கள். பிறகு என்றைக்கு என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீடு வருவதற்குள் கதை எனக்கே நம்பும்படி ஆகியிருந்தது.

கோர்ட்டிலிருந்து வந்து முன்பக்கம் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார் அவர். வெயில் என் முதுகுப் பக்கம். சால்வை போட்ட ஒரு மலாய்ப் பெண் படலைத் திறந்து வருவதைப் பார்த்து, மரியாதையாக எழுந்து நின்று கேட்டார்:

"சாரி சியாப்பா?"

மலாயில் அதற்கு, யாரைத் தேடுகிறீர்கள் என்று அர்த்தம். எனக்கு அப்போது மீன்காரனிடம் பேசுகிற அளவுக்குத்தான் மலாய் தெரியும். சியாப்பா என்றால் யார், யாருடையது என்று தெரியும். சாரி என்று புடவையைத்தானே இங்கே எல்லாரும் சொல்கிறார்கள்? புடவை யாருடையது என்று நேராகக் கேட்டுவிட்டார் என் புருஷன், அதுவும் சர்க்கார் மொழியில். விஷயம் கோர்ட்டுக்கே போய்விட்டது என்று நினைத்தேன்.

"ராஜம்மாளக்காவோடது" என்றேன். பிறகு நிற்க முடியவில்லை. துணிக்காரன், விலை, பச்சை நூல், பினாங்கு அண்ணன், கும்பகோணம் எல்லாவற்றையும் படலைப் பிடித்தபடியே கொட்டித் தீர்த்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை அடையாளம் கண்டார். "நான் யாரத் தேடறீங்கன்னுதான் கேட்டேன்" என்றார்.

நான் படலையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உங்கண்ணன் பட்டெடுத்து அனுப்பற ஆளில்லன்னு எனக்கு அன்னிக்கே தோணுச்சு" என்றார்.

"தோணுச்சுன்னா ஏன் கேக்கல?"

அவருக்குப் பதில் வரவில்லை. மூன்று மொழியிலும் வரவில்லை. எனக்கு எங்கிருந்தோ தெம்பு திரும்பியது. "அப்ப நீங்களும் என்கூடச் சேந்தவர்தான்" என்றேன்.

மறுநாள் காலை கோட்டை மாட்டிக்கொண்டு என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். விஷயம் வேறு வழியில் வெளியே வந்தால் அவர் உத்தியோகம் போய்விடும், வராவிட்டாலும் இனி தினம் கோர்ட்டில் நின்று எப்படி வாய் திறப்பது என்றார். அவர் சொல்லியனுப்பியதால் கிராணியாரும் ராஜம்மாளும் வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் நடந்ததைச் சொன்னேன். என் கணவர் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் மாற்றிச் சொன்னார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது. அடுத்து ராஜம்மாளைக் கேட்டார்கள்.

"இந்தத் தங்கச்சிதான் புடவைய எங்க வீட்டுக்கே கொண்டாந்து குடுத்தாங்க" என்றார் அவர். ஒரு எழுத்துப் பொய் இல்லை. என் கணவர் அதையும் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் துணிக்காரனின் அடையாளத்தை எழுதிக்கொண்டு, என்னைக் கண்டித்து அனுப்பினார். துணிக்காரன் அகப்படவே இல்லை. ராஜம்மாளின் பெட்டியில் மற்ற எதுவும் திரும்பவில்லை. அவரும் நானும் சாகும்வரை சிநேகிதிகள் என்று ஆகிவிட்டோம். சாகிறவரை, அதாவது அவர் போகிறவரை.

வீட்டில் அன்றிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது. யார் எதைக் கொண்டுவந்தாலும், குடையோ டுரியான் பழமோ, என் கணவர் நாற்காலியில் இருந்தபடியே, "சாரி சியாப்பா?" என்பார். எங்கிருந்து, யாருடையது என்று ஒழுங்காகப் பதில் சொன்னால்தான் சாமான் உள்ளே வரும். நானும் பிள்ளைகளும் பழகிவிட்டோம்.

பல வருஷம் கழித்து, மூவார் பட்டணத்திலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பெரியவர்கள் காரிலிருந்து இறங்குவதற்குள் மாப்பிள்ளைப் பையன் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு முதலில் படியேறிவிட்டான். கூடையைப் பார்த்ததும் என் கணவருக்கு வாய் நிற்கவில்லை. "சாரி சியாப்பா?" என்று கேட்டுவிட்டார். நான் உள்ளே தலையில் கை வைத்தேன்.

பையனுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. மலாய் மட்டும் நன்றாகத் தெரியும். கூடையைக் கீழே வைத்துவிட்டு, பணிவாக, "உங்க மகளத்தான் மாமா" என்றான்.

அதற்குமேல் அவனை யாரும் எதுவும் விசாரிக்கவில்லை.