நைஸ் என்று சொல்லப் போய்

வெள்ளைக்காரன் இந்தியாவை விட்டுப் போனதற்குப் பெரியவர்கள் என்னென்னவோ காரணம் சொல்கிறார்கள். திருவனந்தபுரத்தில் எங்கள் லாட்ஜில் இருந்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும். மூலம் சார் இருக்கிற நாட்டில் இங்கிலீஷ் பேசி எவனாலும் பிழைக்க முடியாது.

அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அச்சாபீஸில் புரூஃப் பார்க்கிற உத்தியோகம். எந்த இங்கிலீஷ் வார்த்தை காதில் விழுந்தாலும், "அதுக்கு மூலம் தெரியுமாவே?" என்று வழிமறிப்பார். அதனால் மூலம் சார். லாட்ஜுக்குப் புதிதாக வந்த மலையாளத்துச் சமையற்காரர் இந்தப் பெயரைக் கேட்டு, இது வேறு மூலம் என்று நினைத்துவிட்டார். "சேனை கழிச்சா மதி சாரே, சுகமாகும்" என்று, சாப்பிட்டால் குணமாகிவிடும் என்ற நம்பிக்கையில், தினமும் அவர் இலையில் மட்டும் சேனைக்கிழங்கைக் குவிப்பார். நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சார் மட்டும், நம்மேல் இத்தனை பிரியமா என்று நெகிழ்ந்து சாப்பிட்டார்.

ஒரு தடவை என் அறைக்காரனுக்குச் சுரம். டாக்டர் வந்து பார்த்து, இன்ஃப்ளூயன்ஸா என்றார். மூலம் சார் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அது இத்தாலிக்காரன் வார்த்தை. நட்சத்திரத்தோட பார்வை பட்டு வாற சீக்குன்னு அர்த்தம்" என்றார். டாக்டர் கொடுத்த மிக்ஸ்சர் அப்படியே இருக்க, போர்வையோடு ஜோசியரைத் தேடிப் போய்விட்டான் அவன்.

இப்பேர்ப்பட்டவரை நான் பெண் பார்க்கக் கூட்டிப் போனேன் என்றால் என் புத்தியை நீங்களே அளந்துகொள்ளலாம். வேறு வழியில்லை. அப்பாவுக்கு வாதம், நாஞ்சில்நாட்டிலிருந்து வர முடியாது. பெரியவர் ஒருவர் இல்லாமல் வரக்கூடாது என்று பெண் வீட்டில் கண்டிப்பு. லாட்ஜில் நரைத்த தலை அது ஒன்றுதான்.

அதற்கு முன் நான் போன வீடுகளில் எல்லாம் காப்பி பிரமாதமாக இருந்தது. பதில்தான் வரவில்லை. என் மூக்கு அப்படி. இந்தப் பெண்ணையோ, அவள் காலேஜுக்குப் போகும்போது பழவங்காடியில் பார்த்துப் பார்த்து, மனசுக்குள் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தேன். இதுவும் தட்டிப் போனால் காவி வேட்டிதான்.

"அங்க வந்து வாயே திறக்கப்பிடாது சார்."

"நான் என்ன சின்னப் பிள்ளையாவே?"

பெண்ணின் அப்பா சாலைக் கடைத்தெருவில் கொப்பரை வியாபாரி. பெண் காப்பியைக் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மூலம் சார் உதட்டைக் கடித்துக்கொண்டு சிலையாக இருந்தார். எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில், "பொண்ணு எப்படி தம்பி?" என்று கேட்டார் அப்பா.

பிடித்திருக்கிறது என்று தமிழில் சொல்ல வெட்கம். "நைஸ்" என்றேன்.

பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது.

"நைஸுக்கு மூலம் லத்தீன்" என்றார் மூலம் சார். "ஒண்ணும் அறியாததுன்னு அர்த்தம். அதாவது, முட்டாள்."

கொப்பரைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "எம் மவளயா முட்டாள்னு சொல்லுகாரு?"

"நைஸுன்னா மாவு அரைக்கதுல்லா?" என்றது அடுக்களையிலிருந்து பெண்ணின் அம்மா குரல்.

"பொறும், முடிக்கல்ல. முட்டாளுக்கு அப்புறம் கூச்சப்படுகவன்னு அர்த்தமாச்சு. அதுக்கும் பெறவு எதுக்கும் நொட்டை சொல்லுகவன். நல்லதுங்குற அர்த்தம் நேத்து வந்தது வேய், ஒரு இருநூறு வருசம் இருக்கும்."

கொப்பரைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீரு எந்தக் காலத்து அர்த்தத்துல சொன்னீரு?"

"இந்த வருசத்து அர்த்தம்" என்றேன்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து பெண் பேசினாள். "அப்பா, அந்த சார்ட்ட ஸில்லிக்கு மூலம் என்னான்னு கேளுங்க."

மூலம் சாரின் முகம் மலர்ந்தது. அவரை வலியக் கேட்டவர்கள் அதுவரை யாருமில்லை. "இப்பதான் மக்ளே அதுக்கு மடையன்னு அர்த்தம். ஆதியில பாக்கியசாலி. தெய்வத்தோட அருள் உள்ளவன்."

"அப்பம், மாப்பிள்ளை ரொம்ப ஸில்லின்னு சொல்லுங்கப்பா."

அடுக்களையில் சிரிப்புக் கேட்டது. ஸில்லிக்கு எந்த அர்த்தத்தை எடுத்துக்கொள்வது என்று கொப்பரைக்காரருக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை என்ற வார்த்தை மட்டும் சந்தேகமில்லாமல் புரிந்தது. பஞ்சாங்கத்தை எடுத்துவரச் சொன்னார். அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்காமலே தெரிகிற மாதிரிதான் என்னை நடத்துகிறாள்.

திரும்பும்போது, காரியம் முடிந்தும் அவர்மேல் கோபம் ஆறாமல் நான் நாலடி முன்னால் நடந்தேன். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் மூலம் சார் நின்றார். ஒரு தேங்காய் வாங்கி, ஓங்கி எறிந்து உடைத்தார். கோயில் பக்கமே போகாத மனுஷர்.

"எதுக்கு சார் இது?"

"காலையில நேந்துகிட்டேன். உம்ம காரியம் முடியது வரைக்கும் எனக்க வாயைக் கட்டிப் போடணும்னு."

"அதுதான் நடக்கலையே."

"நடக்கல்ல. ஆனா காரியம் முடிஞ்சுதா இல்லியா?" என்று கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார்.

எனக்காகப் பிள்ளையாரிடம் போய்த் தம் வாயையே பூட்டச் சொன்னவர், தமக்கென்று எதையாவது வேண்டிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.