இறந்த வீரர் கைகாட்டுகிறார்

தரையில் போராடும் வீரருக்கு வானிலிருந்து தாமதமின்றி உதவி கிடைக்க வேண்டும் என்ற உயரிய நோக்கத்தோடு, பீளமேட்டில் ஒரு ஏசி அறையில் ராணுவ விமானக் கட்டுப்பாட்டை நவீனமாக்கினார்கள். மென்பொருள் எழுதிய அன்புச்செல்வியைப் பெரிய திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். வால்பாறை மலையில் ஒத்திகைப் போர் தொடங்கியது.

தொடங்கிய சற்று நேரத்தில் எதிரணி, சிப்பாய் கந்தப்பனை ஒத்திகைக் கணக்குக்குச் சுட்டுவிட்டது. திரையில் அவருடைய பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது. விதிப்படி, செத்தவர் ஓரமாக உட்கார வேண்டும். உட்கார இடம் தேடிப் போன கந்தப்பன் தேயிலைச் சரிவில் சறுக்கி, நிஜமாகவே காலை முறித்துக்கொண்டார்.

ரேடியோ கரகரத்தது. "ஏனுங்க அம்மணி, காலு முறிஞ்சுபோச்சுங்க. மேலயே ஹெலிகாப்டர் சுத்துதுங்க. எறங்கச் சொல்லுங்க."

அன்புச்செல்வி பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள். 'இறந்தவருக்குச் சிகிச்சை தேவையில்லை' என்றது திரை. அந்த வரியை எழுதியதே அவள்தான். எழுதும்போது நியாயமாகத்தான் பட்டது.

"சார், அவரு உசுரோட இருக்காருங்க."

கட்டுப்பாட்டு அதிகாரி பாலுசாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "திரை அப்படிச் சொல்லவில்லையே அம்மா."

"பேசறாருங்களே!"

"பேசலாம். அதிகாரபூர்வமாக அல்ல."

ஹெலிகாப்டர் விமானி ரேடியோவில் குறுக்கிட்டார். "இறந்த வீரர் கைகாட்டுகிறார். உத்தரவு?"

"மரியாதைக்கு நீங்களும் காட்டுங்கள்."

திரையில் அவரை உயிர்ப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது: கொன்றவர் சம்மதிக்க வேண்டும். எதிரணித் தலைவர் ஐயாசாமியை அழைத்தார்கள்.

"அதெப்படிங்க? எங்களுக்குக் கெடச்சதே அந்த ஒரு சாவுதானுங்க. அதையும் திருப்பிக் குடுத்துப்போட்டா நாங்க எதைக் காட்டறதுங்க?"

கடைசியில் தோட்டத் தொழிலாளிகள் கந்தப்பனைத் தூக்கிப்போய்ப் பொள்ளாச்சி பஸ்ஸில் கிடத்தினார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் அலறியது ரேடியோ வழியே அறை முழுக்கக் கேட்டது. அன்புச்செல்வி காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

திட்டம் மகத்தான வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. தரையிலிருந்து வந்த குறை ஒன்றே ஒன்று, அதுவும் இறந்தவரிடமிருந்து.

"இந்தக் குறை மறுபடி வரக்கூடாதம்மா," என்றார் பாலுசாமி.

"செத்தவங்களும் உதவி கேக்கற மாதிரி ஒரு பொத்தான் வெச்சிரலாமுங்களா சார்?"

"எதற்கு? இறந்ததும் ரேடியோ தானாக அணைந்தால் போதும்."

அன்புச்செல்வி முடியாது என்றாள். பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பிறகு செய்து முடித்தாள்.

அடுத்த ஒத்திகையில் தரையிலிருந்து ஒரு குறைகூட வரவில்லை. அறையே கைதட்டியது. எல்லோருக்கும் முந்தித் தட்டியவர், ஓரத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த கந்தப்பன்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏனுங்க, நீங்களுமா?"

"என்னைய ஏசி ரூமுக்கு மாத்திப்போட்டாங்க அம்மணி," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்கிருந்து பாத்தா எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது."