பின்லாந்து அண்ணையும் அபியின் ஹோம்வேர்க்கும்

கனடாவிலேயே பின்லாந்தைப் பற்றி அதிகம் பேசியவர் அந்த நாட்டுத் தூதுவர் இல்லை. எங்கள் கட்டடத்துப் பின்லாந்து அண்ணை. அங்கே ஒரு தடவைகூடப் போனதில்லை. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவருக்கு, சாப்பாட்டு இடைவேளையில் பார்த்த ஒரே ஒரு யூடியூப் வீடியோவில் ஞானம் பிறந்தது. அதற்குப் பிறகு கனடாவின் படிப்பு முழுக்க அவருக்குக் குப்பை.

"நாடு சின்னனா இருக்கோணும். அப்பதான் வாத்தி ஒளிக்க ஏலாது," என்பார். எஸ்தோனியா, சிங்கப்பூர் எல்லாம் கைவசம் வைத்திருந்தார். வரைபடத்தில் காட்டச் சொன்னால் மட்டும் கை கழுவ எழும்பிவிடுவார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஆறாவது பிறந்தநாளில், கேக் வெட்ட முன்னம் கத்தியைப் பிடித்துக்கொண்டார். "பின்லாந்தில ஏழு வயசிலதான் பள்ளிக்கூடம். நீர் இன்னும் ஒரு வருசம் வீட்டில நிக்கலாம்." திங்கட்கிழமை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்தது, விடவில்லை. தாய் இரண்டு மாதம் இவரோடு கதைக்கவில்லை.

சொந்த மகள் அபிக்குப் பதினொரு வயது. ஒருநாள், "பின்லாந்தில ஹோம்வேர்க் இல்லை," என்று அவளுடைய கொப்பிகளை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். அங்கேயும் கொஞ்சம் உண்டாம் என்றேன். "உமக்கு என்ன தெரியும்?" என்றார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்ப் பனியில் சறுக்குவதுதான் பாடம். மனிதர் குப்புற விழுவதை யன்னலால் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். "அவர் சண்டை பிடிக்காமல் பாருங்கோ," என்று அண்ணி என்னையும் அனுப்பினார். அங்கே எல்லாம் பிரெஞ்சில்தான். அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ஜூர்' என்ற வணக்கம் மட்டும். ஆகவே பத்து நிமிடம் தமிழிலேயே ரீச்சரைக் கிழித்தார். அபி அதை ஒரே வசனத்தில் மொழிபெயர்த்தாள். ரீச்சர் முகம் மலர்ந்து கை கொடுத்தார்.

"என்ன சொன்னவ?"

"நீங்கள் சொன்னது சரியாம், அப்பா."

எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு விளங்கும். 'அப்பா மன்னிப்புக் கேட்கிறார், நாளையிலிருந்து நான் ஒழுங்காகச் செய்வேன்' என்றுதான் பிள்ளை சொன்னது.

நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன். பள்ளி விட்டதும் அபி எங்கள் குசினி மேசையில் ஹோம்வேர்க் செய்யத் தொடங்கினாள். அலுமாரிக்கு மேலிருந்து கொப்பிகளை இறக்கிக் கொடுத்த அண்ணியும் உடந்தை. தகப்பன் வர முன்னம் முடித்துவிட்டு, சறுக்குப் பலகையோடு வாசலில் போய் நிற்பாள்.

"அப்பாவிட்ட உண்மையைச் சொன்னால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சொன்னால் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டார், அங்கிள். பின்லாந்தை விட்டிட்டு 'இருந்து படி' எண்டுவார்."

ஆனியில் றிப்போர்ட் வந்தது. எல்லாப் பாடத்திலும் நல்ல புள்ளி. அண்ணை அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கதவைத் தட்டினார்.

"பாத்தீரோ! ஒரு ஹோம்வேர்க் இல்லை!"

இந்த மனிதரை மடக்க நான் வருடக்கணக்காகக் காத்திருந்தேன். அவருக்குப் பின்னால் நின்ற அபி என்னையே பார்த்தாள்.

"ஓம் அண்ணை, நீங்கள் சொன்னதுதான் சரி," என்றேன். அவ்வளவு சந்தோசமான ஒரு முகத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.