என் விலாசத்தை மட்டும் மறைத்துவிடுங்கள்

சிங்காநல்லூர்,
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை, 1995

மதிப்பும் மரியாதையும் குறையாத மச்சான் லட்சுமணசாமி அவர்களுக்கு,

திருமலைசாமி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை பங்காரம்மாவும் மகள் தேஜஸ்ரீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசுக்குத்தான் நிறைய இருக்கிறது. அங்கு நீங்களும், கணபதியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் உங்கள் மகன் சாய்குமாரும் சுகமாக இருக்க வேண்டும்.

நேரில் வந்தே சொல்லியிருப்பேன். ஆனால் தை மாதம் நீங்கள் சாய்குமாருக்கு தேஜஸ்ரீயைக் கேட்டு வந்தபோது, "தன் பேர்ல ஒரு வண்டிகூட இல்லாத பையனுக்குப் பொண்ணை எப்படிக் குடுக்கறது?" என்று நான் கேட்டதும், நீங்கள் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து போனதும் இருவருக்கும் நினைவிருக்கும். அது அப்படியே இருக்கட்டும். இப்போது நான் எழுதுவது சொந்தக்காரருக்கு அல்ல; ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டிப் பதிவேட்டைக் காபந்து பண்ணும் அரசாங்க ஊழியருக்கு.

சித்திரையில் என் பழைய ஸ்கூட்டரை விற்றேன். மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முட்டி ஒத்துழைக்கவில்லை. அந்த வண்டியோ ஒரு பக்கம் நன்றாகச் சாய்த்து, நிமிர்த்தி, அப்புறம் உதைத்தால்தான் கிளம்பும். உக்கடத்து வண்டித் தரகர் ஷேக் பரீத் பாய், "ஏனுங்ண்ணா, வாங்கறவிய பேரு எளுதற எடத்தைச் சும்மா உட்டுப்போட்டு, நீங்க கையெழுத்த மட்டும் போட்டுக் குடுங்க. யாரு வாங்கறாங்களோ அவியளே பேரு மாத்திக்குவாங்க" என்றார். ஊரே அப்படித்தான் விற்கிறது, நானும் போட்டுக் கொடுத்தேன். வாங்கியவன் இன்றுவரை பேரை மாற்றவில்லை. பாயைப் போய்க் கேட்டால், "அன்னைக்கே இன்னொரு தரகருகிட்டக் கைமாத்தி உட்டுட்டனுங்க" என்று கையை விரிக்கிறார். வண்டியை எவனோ ஓட்டுகிறான், பலனை நான் அனுபவிக்கிறேன்.

முதலில் வந்தது பாவாத்தாள் என்கிற அம்மாள், தலையில் நசுங்கிய தக்காளிக் கூடையோடு. "ஏனுங், திருமலைசாமி ஊடு இதுதானுங்களா? உங்க வண்டி இடிச்சுப்போட்டு நிக்காமப் போயிருச்சுங்க" என்று வாசலிலேயே கூடையை இறக்கி உட்கார்ந்துவிட்டாள். என் வீடு எப்படித் தெரியும் என்றேன். உங்கள் ஆபீசுக்கு எதிரே புளிய மரத்தடியில் பெட்டி வைத்திருக்கும் ஏஜெண்டிடம் நம்பரைச் சொன்னாளாம், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் என் பேர், தகப்பனார் பேர், தெரு, கதவு எண் எல்லாம் துண்டுச் சீட்டில் வந்துவிட்டதாம். மச்சான், நான் என்ன பஸ் ஸ்டாண்டா, கேட்டவர்களுக்கெல்லாம் வழி சொல்ல? இதில் உங்கள் தங்கை அவளுக்குக் காபி கொடுத்து, ஊர் விசாரித்து, இப்போது வாராவாரம் கீரை வாங்குகிற அளவுக்குச் சிநேகம் ஆகிவிட்டாள். அது வேறு கதை.

அடுத்து கணபதியிலிருந்து முகமது யூசுப் என்று ஒரு சைக்கிள் கடைக்காரர். வண்டியிலிருந்து விழுந்த டிபன் பாக்ஸைக் கொடுப்பதற்காக, நல்ல மனுஷன், அதே ஏஜெண்டைப் பிடித்து விலாசம் வாங்கி இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். வாங்கிப் பார்த்தால் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூடியில் "தி. பங்காரம்மா" என்று பொறித்திருக்கிறது! உள்ளே நம் வீட்டுத் தக்காளிச் சாதத்தின் வாசனை! அந்தப் படுபாவி வண்டியோடு நிற்காமல் என் அடுப்படி வரைக்கும் புகுந்து பாத்திரம் திருடியிருக்கிறான். போலீசுக்குப் போகிறேன் என்று சட்டையை மாட்டினேன். பங்காரம்மா, "கெடைச்சிருச்சல்லங்க, உட்டுத் தள்ளுங்க" என்று சாவகாசமாகக் கழுவப் போய்விட்டாள். தேஜஸ்ரீக்கு அன்று பார்த்துத் தலைவலி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த வீட்டில் பதற்றப்பட என்னைத் தவிர ஆளில்லை.

இதெல்லாம் போகட்டும் மச்சான். இப்போது தேஜஸ்ரீயின் கல்யாணத்திலேயே கைவைத்துவிட்டது. காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் வேங்கடசாமி, தன் மகனுக்கு அவளைக் கேட்டிருக்கிறார். பெண் பார்க்க வருவதற்கு முன் சத்தமில்லாமல் ஊருக்குள் விசாரிப்பார்களே, அப்படி விசாரிக்க வந்தவரின் காரை மகளிர் கல்லூரிப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் உரசினாற்போல் முந்தியிருக்கிறது. ஓட்டியவன் தலையில் ஹெல்மெட், பின்னால் துப்பட்டாவால் முகத்தை மூடிய ஒரு பெண், இருவருக்கும் ஒரே சிரிப்பு. மனுஷர் கோபத்தில் நம்பரைக் குறித்து, அதே புளிய மரம், அதே ஏஜெண்ட், அதே துண்டுச் சீட்டு. படித்தால் பெண் வீட்டு விலாசம்! நேராக இங்கே வந்து, "ஏனுங்க, உங்களுக்குப் பையன் இல்லீன்னுதானுங்களே சொன்னாங்க? அப்ப ஹெல்மெட்டுப் போட்டுட்டு, புள்ளையப் பின்னால உக்கார வெச்சுட்டுப் போனது ஆருங்க?" என்று கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார் பாருங்கள், அறுபது வயதில் எனக்கு அந்தப் பார்வை வேண்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டியவன் யார் என்று சொல்லாவிட்டால் சம்பந்தம் வேண்டாம் என்று போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் எந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடுகிறேன். பெற்ற பெண்ணின் வாழ்க்கை என்னால் கெட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது.

சரி, ஓட்டுகிறவன் விலாசத்தை நாமும் வாங்கினால் என்ன என்று நேற்று உங்கள் ஆபீசுக்கே போனேன். நீங்கள் லீவு என்று தெரிந்துகொண்டுதான் போனேன், மறைப்பானேன். ஏஜெண்ட் எல்லாம் வேண்டாம், முறையாகப் போவோம் என்று மனு எழுதி, வரிசையில் நின்றேன். சாயங்காலம் கவுண்ட்டரில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். திருமலைசாமி, சிங்காநல்லூர். நாளெல்லாம் நின்று என் விலாசத்தை நானே வாங்கி வந்திருக்கிறேன்!

ஆகவே என் கோரிக்கை. நம்பர் சொல்லிக் கேட்கிறவன் எவனுக்கும் என் பேரையும் விலாசத்தையும் இனிமேல் கொடுக்கக் கூடாது. ஒரு மனுஷன் எங்கே குடியிருக்கிறான் என்பது அவன் சொந்த விஷயம். அதே கையோடு, என் வண்டியை ஓட்டுகிறவனைக் கண்டுபிடித்து, அவன் பேர், விலாசம், தகப்பன் பேர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஆபீஸ் வாசலில் ஒட்ட வேண்டும். அரசாங்கப் பதிவேடு பொதுஜனத்தின் சொத்து. இதைப் பங்காரம்மாவுக்குப் படித்துக் காட்டினால், "உங்க விலாசம்னா ரகசியம், அடுத்தவனுதுன்னா போர்டுல ஒட்டோணுமாக்கு?" என்கிறாள். கீரை கொண்டுவந்த பாவாத்தாளும், "அப்படி மூடி வெச்சுட்டா, தக்காளி போனவ நானு எங்க போயி நிக்கறதுங்க?" என்கிறாள். நியாயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நியாயம் பார்க்க வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நேரம் இருக்கிறது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். சாய்குமாருக்கு என் ஆசீர்வாதம். அவனுக்கும் சீக்கிரம் எங்காவது ஒரு நல்ல இடமாக அமையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
திருமலைசாமி

பி.கு: ஒட்டிய கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன், மன்னிக்கவும். தபால் பெட்டியில் போடப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே ஒருவன் ஒரு ஸ்கூட்டரைச் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்துக்கொண்டிருந்தான். பாய்ந்து போய்ச் சட்டையைப் பிடித்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். உங்கள் மகன் சாய்குமார். பக்கத்தில் நின்ற துப்பட்டா, "அப்பா!" என்றது. டிபன் பாக்ஸைத் தினமும் கொடுத்தனுப்பியது உங்கள் தங்கையாம்.

"உங்க வண்டின்னுதானுங் மாமா தேடிப் புடிச்சு வாங்குனேன்" என்றான். ஏண்டா இத்தனை மாதமாகப் பேரை மாற்றவில்லை என்று கத்தினேன். "பேரு மாத்தோணும்னா அப்பா கவுண்ட்டருக்குத்தானுங் போகோணும். போனா அவருக்குத் தெரிஞ்சுபோகுமுங்களே" என்றான். அடிக்கத்தான் கையை ஓங்கினேன் மச்சான். ஆனால் காங்கேயத்துப் பேச்சு வந்ததிலிருந்து தேஜஸ்ரீ முகத்தில் பார்க்காத களையை அவன் பக்கத்தில் நின்றபோது பார்த்தேன். கை தானாக இறங்கிவிட்டது.

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். போர்டில் ஒன்றும் ஒட்டி வைக்காதீர்கள், குடும்ப மானம் போய்விடும். என் விலாசத்தையும் மறைக்க வேண்டாம். வண்டி சுற்றிச் சுற்றி இந்த வீட்டுக்குத்தான் வரப்போகிறது. காங்கேயத்துக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

தையில் சொன்ன வார்த்தையை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன். தன் பேரில் வண்டி இல்லாதவனுக்குப் பெண் கிடையாது. ஆகையால் வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு ஆபீஸ் முத்திரையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். என் கையெழுத்து சித்திரையிலிருந்தே தயாராக இருக்கிறது.