கழுத்து நீங்கலாக நலம்

அன்புள்ள மைத்துனருக்கு,

தங்கள் அக்காவும் தங்கள் மருமகள் வாண்டுவும் நலம். நானும் நலமே, கழுத்தை இடப்பக்கம் திருப்ப முடியவில்லை என்பது தவிர. தாங்களும், கழுத்து நீங்கலாக, எங்களைப் போலவே இருக்க வேண்டுகிறேன்.

இக்கடிதத்தின் நோக்கம் புகார். வாண்டுவை ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர்த்தவர் தாங்கள். "அடி உதை எல்லாம் கிடையாது அத்தான், சும்மா கட்டிப் பிடிச்சு உருளுறதுதான்" என்று எனக்கு விளக்கியவரும் தாங்களே. சென்ற ஆண்டு அவள் பதக்கம் வாங்கியதும் தாங்கள் கைதட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டீர்கள். அதைத் தக்கவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் உத்தியோகத்தில் இருப்பவன் நான். ஒரு முறை மேலே போனது மறுமுறையும் போக வேண்டும் என்பதுதான் என் பிழைப்பு. ஆகவே அவளுடைய தூக்கம், எடை, பயிற்சி அனைத்தையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். தூய்மை கருதி அவளுடைய தடித்த சீருடையைக் கொதிநீரில் நானே துவைத்தேன்.

போட்டியன்று எதிராளிப் பெண்ணின் சட்டைக்கை குட்டையாக இருப்பதாக எனக்குப் பட்டது. சட்டைக்கையைப் பிடித்து இழுப்பதுதான் ஆட்டத்தில் பாதி என்பதால், அது மணிக்கட்டிலிருந்து எவ்வளவு விலகி இருக்கலாம் என்பதற்கு விதி உண்டு. அவ்விதியை நடுவரிடம் எடுத்துரைத்தேன். அவரும் மனமுவந்து இருவருக்கும் அளந்தார். அந்தப் பெண்ணின் சட்டை சரியாக இருந்தது. என் மகளின் சட்டைதான், கொதிநீரின் புண்ணியத்தில், முழங்கையை நோக்கிப் புறப்பட்டிருந்தது. யாரோ ஒரு பெரிய உடம்புக்காரரிடம் இரவல் வாங்கிய சீருடையில், கை எங்கே முடிகிறது என்று அவள் தேடி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

தோல்வியை ஆராய வேண்டாமா? ஆராய்ந்தேன். தினமும் இரவுச் சாப்பாட்டின்போது அந்த ஆட்டத்தின் வீடியோவை ஓடவிட்டு, தவறு வரும் இடங்களில் எல்லாம் நிறுத்தி விளக்கினேன். வாண்டு தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் உள்ளங்கையால் டப், டப் என்று தட்டுவாள். "சாப்பிடும்போது என்ன தாளம்?" என்று கண்டித்துவிட்டு அடுத்த தவறுக்குப் போவேன். "என்னங்க, புள்ள சாப்பிடட்டும்" என்பார் தங்கள் அக்கா. "நான் என்ன, தட்டையா பிடுங்குறேன்? பாத்துக்கிட்டே சாப்பிடட்டும்." ஒரு நாள், "அப்பா, தோள் வலிக்குது, ஒரு வாரம் போகலையே" என்றாள். "உன்னை ஜெயிச்சவ லீவு போட்டிருப்பாளா?" என்றேன். மறுநாள் சீருடை பெல்ட்டைச் செருப்பு அலமாரியில் போட்டுவிட்டாள். இனி ஆட்டமே வேண்டாமாம். அன்று தோற்றாலும் புள்ளிக் கணக்கில் தேறியிருக்கிறாள், அடுத்த மாதம் இறுதிச் சுற்று, மாப்ளே! மூன்று வருட உழைப்பு செருப்போடு கிடக்கிறது!

பயிற்சியாளரிடம் போய்ப் பேசலாம் என்றேன். "வர்றேன். ஆனா நீங்க மேட்ல ஏறணும்" என்றாள். நிபந்தனை என்றால் நிறைவேற்றத்தானே வேண்டும்? காலுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பயிற்சி மெத்தையில் ஏறினேன். பின்னால் உட்கார்ந்து என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டாள். அப்போது வலியே இல்லை, காற்றுதான் வரவில்லை.

"இரும்மா, இந்தப் பிடி விதிப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"சார், பேசாதீங்க, தட்டுங்க!" என்றார் இரண்டு காதும் நசுங்கிய பயிற்சியாளர்.

"எதை?"

"எதையாவது தட்டுங்க சார்! தரையை, அவ கையை!"

தட்டினேன். டப், டப். இரண்டாவது தட்டு விழுவதற்குள் கழுத்தில் கை இல்லை. தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டுமாம். ஏன் என்று கேட்கக் கூடாது, இன்னும் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு விடுகிறேன் என்றும் இழுக்கக் கூடாது. விதிநூலில் அதைப் படித்துத்தான் இருந்தேன். ஆனால் அந்தச் சத்தம்... அதை வேறெங்கோ கேட்டிருக்கிறேனே என்று உட்கார்ந்தபடியே யோசித்தேன்.

"வாண்டு, சாப்பிடும்போது நீ தட்டினது..."

"ஆமாப்பா."

"தாளம் இல்லையா?"

"எனக்கு என்னைக்குப்பா தாளம் வந்திருக்கு?"

பாரம் கூடி மணியடிக்கிற லிஃப்ட்டை ஒரு மாடி நகரவிட்டதில்லை மாப்ளே நான். எங்க வீட்டு மணி தினம் அடிச்சிருக்கு, நான் தாளம்னு நினைச்சுட்டேன்.

வீடியோவை அழித்துவிட்டேன். தோளுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார் பயிற்சியாளர். இறுதிச் சுற்று அவள் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். இன்று காலை செருப்பு எடுக்கப் போனால் அலமாரியில் பெல்ட் இல்லை. "அப்பா பாக்க வரலாம். ஆனா மாமா பக்கத்துல உக்காந்து அவர் வாயைப் பாத்துக்கணும்" என்றாளாம் அம்மாவிடம். ஆகவே புகாரைத் திரும்பப் பெற்று, அதை அழைப்பாக மாற்றிக்கொள்கிறேன். அவசியம் வரவும்.

தங்கள் இல்லத்தில் அனைவருக்கும் மூச்சு தடையின்றி வந்துபோக வாழ்த்தும்,
அத்தான்

பி.கு.: ஓய்வு என்றாலும் அதற்கொரு முறை வேண்டும் அல்லவா? எந்தப் பக்கம் படுப்பது, தோளுக்கு அடியில் எத்தனை தலையணை என்று வாண்டுவுக்காகச் சிறு திட்டம் ஒன்று வகுத்துள்ளேன். இக்கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டிவிட்டு, கையோடு அதையும் விளக்கத் தொடங்கினேன். மேசையில் டப், டப். கழுத்து திரும்பாததால் முழு உடம்போடு திரும்பிப் பார்த்தேன். வாண்டு எப்போதோ தூங்கப் போய்விட்டாள். தட்டியது தங்கள் அக்கா.