சிரிக்கிற டின், அழுகிற டின்

அழுகிற முகம் ஒட்டிய பிஸ்கட் டின்னில் பாதிக்கு மேல் கோலிகள். சிரிக்கிற முகம் ஒட்டிய டின் காலி; அடியில் தகரம் பளபளத்தது.

பிரவீனா டீச்சர் இரண்டு டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். மலேசியாவில், கோத்தா திங்கிப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டுக்கு ஆங்கிலம் எடுக்கிறார். பிள்ளைகளின் ஆர்வத்தை அளக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பாடம் முடிந்ததும் ஆளுக்கொரு கோலி. பிடித்திருந்தால் சிரிக்கிற டின், இல்லையென்றால் அழுகிற டின். கல்வி ஆராய்ச்சி அவ்வளவு தூரம் முன்னேறிவிட்டது.

கணவரும் கைக்குழந்தையும் தூரத்து ஊரான ஸ்கூடாயில். டின் சிரிக்காமல் அங்கே மாற்றலுக்குச் சிபாரிசு கிடைக்காது.

பாட்டும் ஆட்டமுமாகப் பாடம் நடத்தினார். அதற்கு நேரம் போதவில்லை. உடற்கல்வி நேரத்தையும் எடுத்துக்கொண்டார். பந்து அலமாரிக்குள் போனது. கோலிகள் அழுகிற டின்னுக்குள் போயின.

அடுத்தது மிட்டாய். ஆங்கிலத்தில் முழு வாக்கியம் பேசினால்தான் கிடைக்கும். ரூபினிக்கு மட்டும் கிடைத்தது. மற்றவர்கள் கோலியை ஓங்கியே எறிந்தார்கள்.

ஆர்வம் இன்னும் போதவில்லை என்று முடிவுகட்டி, ஓய்வு நேரத்திலும் பாதியைப் பிடுங்கினார். அழுகிற டின் நிரம்பி வழிந்தது.

"அலமாக், என்ன டீச்சர் இது?" கேண்டீனில் பிள்ளைகள் வரிசைக்கு நடுவிலேயே தலைமையாசிரியர் குணாளன் கத்தினார். அவருக்கு ரகசியம் பேசினாலும் ஒலிபெருக்கிதான். "நாளைக்கு அதிகாரி வராங்க. சிரிக்கிற டின் நிறைஞ்சா நீங்க ஸ்கூடாய் போலாம். இல்லன்னா இங்கயேதான் லா!"

"நான் என்ன சார் பண்றது? உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்துறேன்!"

மறுநாள் அதிகாரி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். பாடம் முடிந்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். கலகலவென்று சத்தம். திறந்து பார்த்தால் அத்தனை கோலியும் சிரிக்கிற டின்னில்!

"பாகுஸ்!" என்று அதிகாரி கைதட்டினார். குணாளன் அங்கேயே சிபாரிசை உறுதி செய்தார். அவர்கள் போனதும் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பட்ட பாடு வீண்போகவில்லை.

ரூபினியை அணைத்துக்கொண்டார். "எப்படிம்மா திடீர்னு எல்லாருக்கும் இங்கிலீஷ் பிடிச்சுப்போச்சு?"

"பிடிக்கலை டீச்சர். டின் நிறைஞ்சாதான் நீங்க போவீங்கன்னு சார் சொன்னாருல்ல? காலையிலயே பந்துக்குக் காத்தடிச்சு வச்சிட்டோம்."